ஆறு வாரத்தில் மனித உயிரியல்: கோடை வகுப்பில் படிக்கும் முறை

கோடை வகுப்பில் பாடம் குறைவதில்லை, நாட்கள்தான் குறைகின்றன. வழக்கமான பருவத்தில் 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம் விரிவுரை, 3 மணி நேரம் ஆய்வகம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90 மணி நேரம். அதையே 6 வாரத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு 15 மணி நேரம் வகுப்பிலேயே போய்விடும். வாரம் 4 நாள் வகுப்பு நடந்தால் ஒரு நாளைக்கு 3 மணி 45 நிமிடம். அதில் ஒரே ஒரு நாள் வராமல் போனாலும், வழக்கமான பருவத்தில் அரை வாரத்துக்கு மேல் வராமல் போனதற்குச் சமம். விரிவுரை ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி என்று கணக்குப் போட்டால் இன்னும் 15 மணி நேரம். ஆக இந்த ஒரு பாடத்துக்கே வாரம் 30 மணி நேரம் வேண்டும். இதோடு இன்னொரு அறிவியல் பாடத்தையோ முழுநேர வேலையையோ சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள், பதிவு செய்வதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியும் கோடையில் சீக்கிரமே வந்துவிடும். பாடத்திட்டத் தாள் கைக்கு வந்த அன்றே அதைக் குறித்து வையுங்கள்.

நேரம் குறைவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வழக்கமான பருவத்தில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் கிடைக்கும். அதற்குள் படித்தது கொஞ்சம் மறக்கும். மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் அது மனதில் ஊன்றும். கோடையில் திங்களன்று செல் சவ்வு, செவ்வாயன்று திசுக்கள், வியாழனன்று தேர்வு என்று ஓடுவதால் அந்த இடைவெளியே இல்லை. அதை நாமாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான்.

பாராமல் எழுதுவது

பெரும்பாலானவர்கள் படிக்கும் விதம் இதுதான்: புத்தகத்தை விரித்து, மஞ்சள் பேனாவால் கோடிட்டு, திரும்பத் திரும்ப வாசிப்பது. வாசிக்க வாசிக்க வரிகள் பழகிவிடும். பழகியதைத் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். கோடை வகுப்பில் தேர்வு நாளைக்கே இருப்பதால் வாசிப்பு போதும் என்று தோன்றும். ஆனால் இறுதித் தேர்வு முதல் வாரப் பாடத்தையும் கேட்கும்.

நாள் முறை இப்படி இருக்கட்டும். வகுப்புக்கு முன் 20 நிமிடம், அன்றைய அத்தியாயத்தின் படங்களை மட்டும் பாருங்கள். பத்திகளை வாசிக்க வேண்டாம். படங்களில் உள்ள பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். காதில் ஏற்கெனவே விழுந்த பெயர் என்றால் வகுப்பில் அதை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்காமல் ஆசிரியர் சொல்லும் விளக்கத்தைக் கவனிக்கலாம். வகுப்பு முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், ஒரு வெற்றுத் தாளை எடுத்து, குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எல்லாம் படமாகவும் அம்புக்குறியாகவும் எழுதுங்கள். தடுமாறும் இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது யோசித்துவிட்டு, அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு மேலே போங்கள். முடித்த பிறகு வேறு நிற மையால் திருத்துங்கள். அந்த மையில் இருப்பதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது. மற்றதைத் தொட வேண்டாம்.

மறுநாள் காலை 10 நிமிடத்தில் அதே படத்தை மீண்டும் பாராமல் வரையுங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, வார இறுதியில் ஒருமுறை. நாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டிய இடைவெளி என்றது இதைத்தான்.

ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிய அட்டைகளைப் பெயர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எலும்புகள், ஹார்மோன்கள், திசு வகைகள். செயல்முறைகளை அட்டையில் துண்டு துண்டாக எழுதினால் ஒவ்வொரு துண்டும் தெரியும், வரிசை தெரியாது. தேர்வில் கேட்பதோ வரிசையை.

முதல் வாரம் வேதியியல்

உடலைப் படிக்க வந்த இடத்தில் அணு, பிணைப்பு, நீர், பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) என்று தொடங்கினால் பலர் இதை முன்னுரை என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். பின்னால் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மூன்றை மட்டுமாவது உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பி.எச். ஒரு அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு கூடுகிறது. இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது எவ்வளவு இறுக்கமான வரம்பு என்பது அப்போதுதான் புரியும். சுவாசமும் சிறுநீரகமும் ஏன் இரவு பகலாக அதைக் காக்கின்றன என்பதும் புரியும். இரண்டாவது, கொழுப்பில் கரைவது எது, நீரில் கரைவது எது. ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள் நுழைவதும், இன்சுலின் வெளியிலேயே ஏற்பியில் ஒட்டிக்கொள்வதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான். மூன்றாவது, சவ்வூடு பரவல், அதாவது சவ்வைத் தாண்டி நீர் நகர்வது.

சவ்வூடு பரவலில் மாணவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான்: 'அடர்வு' என்ற சொல் உப்பைக் குறிக்கிறதா நீரைக் குறிக்கிறதா என்பதில் குழப்பம். எப்போதும் கரைபொருளை மட்டும் பாருங்கள். அது அதிகம் உள்ள பக்கம் நோக்கி நீர் போகும். இரத்தச் சிவப்பணுவை 0.9 சதவீத உப்புக் கரைசலில் வைத்தால் உருவம் மாறாது. காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் நீர் உள்ளே புகுந்து வெடிக்கும். 10 சதவீத உப்புக் கரைசலில் சுருங்கும். ஹைப்போ (கரைபொருள் குறைவு), ஐசோ (சமம்), ஹைப்பர் (மிகுதி) என்ற பெயர்கள் செல்லுக்கு வெளியே உள்ள கரைசலுக்கு உரியவை என்பதைக் கேள்வியைப் படிக்கும்போதே நினைவில் வையுங்கள்.

வழியாகப் படிக்க வேண்டியவை

மனித உயிரியலில் பாதிக்கு மேல், ஏதோ ஒன்று எங்கிருந்தோ எங்கேயோ போகும் கதைதான். இரத்தம், சிறுநீர், காற்று, உணவு, நரம்புத் தூண்டல், எல்லாமே. அவற்றைப் பட்டியலாகப் படிக்காமல் வழியாகப் படியுங்கள்.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: மேல் அறைகள் இரண்டும் ஏட்ரியம், கீழ் அறைகள் இரண்டும் வென்ட்ரிக்கிள். கட்டம் போட்டவுடனே உங்கள் இடப்பக்கத்தில் 'வலது' என்று எழுதுங்கள், ஏனென்றால் படத்தில் உள்ளவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். இதை மறந்தால் மற்ற எல்லாமே தலைகீழாகும். இப்போது ஒரு சிவப்பணுவைக் கையில் பிடித்து நடத்துங்கள்: பெருஞ்சிரைகள், வலது ஏட்ரியம், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் அரைச்சந்திர வால்வு, நுரையீரல் தமனி, நுரையீரல் தந்துகிகள், நுரையீரல் சிரைகள், இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி வால்வு, பெருந்தமனி. ஆக்சிஜன் குறைந்த இடத்தை நீலத்திலும் நிறைந்த இடத்தைச் சிவப்பிலும் தீட்டுங்கள். தீட்டும்போது ஓர் இடத்தில் கை தயங்க வேண்டும்: நுரையீரல் தமனி நீலம், நுரையீரல் சிரை சிவப்பு. தமனி என்றால் நல்ல இரத்தம் என்று பள்ளியில் பதிந்த வரியை இங்கே அழித்துவிடுங்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. அதில் ஓடும் இரத்தம் எப்படிப்பட்டது என்பது வேறு கேள்வி.

வழி கைவந்த பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு 'ஏன்' சேருங்கள். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிப்பு? வலது பக்கம் பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடது பக்கம் உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும். இதயத்தின் முதல் ஒலி எது? ஏட்ரியங்களுக்கும் வென்ட்ரிக்கிள்களுக்கும் நடுவில் உள்ள வால்வுகள் மூடும் ஒலி. இரண்டாவது, அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஒலி. வால்வு திறக்கும்போது கேட்பதாக எழுதினால் மதிப்பெண் போயிற்று. பிறகு கணக்கு: ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். உடலில் உள்ள மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் எண் மறக்காது.

சிறுநீரகத்தில் மாணவர்கள் திணறுவது அதிகம். காரணம், மூன்று வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது: வடிகட்டல், மீள உறிஞ்சல், சுரத்தல். சிறுநீரகத்தின் நுண்குழலான நெஃப்ரானை ஒரே கோடாக வரைந்து, கோட்டுக்கு உள்ளே வருவதற்கு ஒரு நிற அம்பு, வெளியே இரத்தத்துக்குத் திரும்புவதற்கு வேறு நிற அம்பு என்று போடுங்கள். நெஃப்ரானின் தொடக்கத்தில் உள்ள தந்துகி முடிச்சான குளோமருலஸில் வடிகட்டல் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவு. மிச்சம் 99 சதவீதம் எங்கே போனது என்ற கேள்விதான் மீதி அத்தியாயம் முழுவதும். அதில் மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சுருள் குழலிலேயே திரும்பிவிடுகிறது, குளுக்கோஸ் முழுவதும் அங்கேதான். ஹென்லே வளைவில் இறங்கும் கிளை நீரை விடும், ஏறும் கிளை உப்பை விடும், நீரை விடாது. இந்த ஒரு வரியை மாற்றி எழுதினால் சிறுநீர் எப்படி அடர்கிறது என்பதை விளக்கவே முடியாது. கடைசியாகச் சேகரிப்பு நாளத்தில் ஏ.டி.எச். ஹார்மோன் வந்தால் நீர் இரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீர் குறையும். யூரேட்டர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு. யூரேத்ரா பையிலிருந்து வெளியே. பெயர் ஒலி நெருங்கி இருப்பதால் இது ஒவ்வொரு தேர்விலும் வரும்.

நரம்பில் எண்களோடு படியுங்கள். ஓய்வில் நரம்புச் செல் சவ்வின் மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட். −55-ஐத் தொட்டால் சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் +30 வரை ஏறும். பிறகு பொட்டாசியம் வெளியேறி இறங்கும். ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு, இறங்குவதற்குக் காரணம் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்று எழுதுவது. அந்த இறக்கம் பொட்டாசியம் வாயில்களின் வேலை. பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, செறிவு வேறுபாட்டை நீண்ட காலத்துக்குக் காக்கிறது. ஒவ்வொரு தூண்டலின் வேகத்துக்கும் அது ஈடுகொடுக்காது.

செரிமானம் இதே முறையில் எளிதாக வரும். எலும்புகளுக்குத் தாளே வேண்டாம். உங்கள் உடம்பிலேயே தொட்டுத் தொட்டுச் சொல்லுங்கள். முன்கையில் ரேடியஸ் கட்டைவிரல் பக்கம், அல்னா சுண்டுவிரல் பக்கம். 206 எலும்பும் கேட்கமாட்டார்கள். ஆய்வகப் பட்டியலில் உள்ளது போதும்.

ஹார்மோன்களும் மரபியலும்

ஹார்மோன்களுக்கு ஐந்து நெடுவரிசை கொண்ட ஒரு அட்டவணை போடுங்கள்: தூண்டல், சுரக்கும் சுரப்பி, ஹார்மோன், இலக்கு உறுப்பு, விளைவு. விளைவு வந்து தூண்டலையே அடக்கினால் எதிர்ப் பின்னூட்டம். உடலில் பெரும்பாலானவை இதுதான். இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், சர்க்கரை குறைந்ததும் இன்சுலின் குறையும். பிரசவத்தில் ஆக்சிடோசின் மட்டும் எதிர்மாறாகப் போகும்: சுருக்கம் கூடக் கூட அதுவும் கூடும், குழந்தை பிறந்த பிறகுதான் நிற்கும். குளுக்ககான் ஹார்மோன், கிளைக்கோஜன் சேமிப்புச் சர்க்கரை. அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிடும்; விடைத்தாளைக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

செல் பிரிதலில் படத்தைவிட எண்ணிக்கைதான் பிடி. 46 குரோமோசோம் கொண்ட செல் டி.என்.ஏ.வை இரட்டித்த பிறகும் குரோமோசோம் 46-தான், அவற்றின் இரட்டை இழைகளான குரோமாட்டிட்தான் 92. எண்ணுவது இரண்டு இழைகளும் சேரும் இடமான சென்ட்ரோமியரை என்று வைத்துக்கொண்டால் தவறாது. சாதாரண உடல் செல் பிரியும் மைட்டாசிஸ் முடிவில் 46 கொண்ட 2 செல். இனப்பெருக்கச் செல்களை உண்டாக்கும் மியாசிஸ் முடிவில் 23 கொண்ட 4 செல். ஆனால் பெண்ணில் அவற்றுள் ஒன்றுதான் அண்டமாகும். எண்ணிக்கை பாதியாவது மியாசிஸின் முதல் பிரிவிலேயே, இரண்டாவதில் இல்லை. காசு சுண்டுவதைப் போல ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு புதிதாகத் தொடங்குகிறது என்பதையும் இங்கேயே பதித்துக்கொள்ளுங்கள்: ஏ-ஓ மரபணு உள்ள பெற்றோரும் பி-ஓ உள்ள பெற்றோரும் இணைந்தால் ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் நாலு குழந்தைக்கு நாலு வகையும் வந்தே தீரும் என்று பொருளில்லை.

ஆய்வகம்

கோடையில் ஆய்வக நேரத்தை வீணாக்கினால் திரும்பக் கிடைக்காது. அடுத்த நாளே அந்த ஸ்லைடுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

நுண்ணோக்கியில் எப்போதும் 4 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு என்பதால் மொத்தம் 40. பொருளை நடுவில் கொண்டுவந்து தெளிவாக்கிய பிறகே 10-க்கும் 40-க்கும் போங்கள். 40 மடங்கு லென்ஸ் வந்துவிட்டால் பெரிய திருகைத் தொடாதீர்கள், நுண்திருகு மட்டும்; இல்லாவிட்டால் லென்ஸ் ஸ்லைடில் இடித்துக் கண்ணாடி உடையும். உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும் என்பதால் ஸ்லைடை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் உருவம் ஓடும். எண்ணெய் 100 மடங்கு லென்ஸுக்கு மட்டும். அது 40 லென்ஸில் பட்டால் உடனே லென்ஸ் தாளால் துடைத்துவிட்டு ஆய்வக உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கன்னத்தின் உட்பக்கச் செல்லைப் பார்க்கும்போது மூடுகண்ணாடியை 45 பாகைச் சாய்வில் ஒரு விளிம்பை நீர்த்துளியில் தொட வைத்து மெல்லச் சாய்த்து இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழி சிக்கும். தடித்த கரிய வளையத்தோடு கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால் அது குமிழி. அதைச் செல் என்று வரைந்து கொடுப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. மெத்திலீன் நீலம் ஒரு துளி போதும். அதிகமானால் உட்கருவும் சைட்டோபிளாசமும் ஒரே நீலமாகிவிடும்.

அளவு கேட்டால் பார்வைப் பரப்பைக் கொண்டு கணியுங்கள். கண்ணருகு லென்ஸில் பரப்பு எண் 18 என்று எழுதியிருந்தால் அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்தால் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 40 மடங்கு லென்ஸில் 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரோமீட்டர். குறுக்காக ஏழு செல் வரிசையாக அடங்கும் என்று தோன்றினால் ஒரு செல் ஏறத்தாழ 64 மைக்ரோமீட்டர்.

திசு ஸ்லைடுகளில் நிறத்தை நம்பாதீர்கள்; சாயம் மாறினால் நிறமும் மாறும். வெற்றிடம் எந்தப் பக்கம் என்று முதலில் தேடுங்கள், பரப்பை மூடும் திசுவான எபிதீலியம் அதை ஒட்டித்தான் இருக்கும். பிறகு அடுக்கு ஒன்றா பலவா, மேல் அடுக்குச் செல்லின் வடிவம் என்ன என்று பாருங்கள். தசைகளில் குறுக்குக் கோடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கோடு இல்லாவிட்டால் மென்தசை. கோடும் ஓரத்தில் பல உட்கருக்களும் இருந்தால் எலும்புத் தசை. கோடும் கிளையும் குறுக்குத் தட்டுகளும் இருந்தால் இதயத் தசை.

பதப்படுத்திய ஆட்டு இதயம் மேசைக்கு வந்தால், வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்க்கும் பக்கம் இடது வென்ட்ரிக்கிள், கூர்முனையும் அதைச் சேர்ந்ததுதான். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற குழாய்களை அங்கிருந்து கணித்துவிடலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இரத்த வகைச் சோதனையில் ஆன்டி-ஏ அல்லது ஆன்டி-பி சோதனைத் துளியோடு சேர்ந்து இரத்தம் திரிந்தால்தான் ஏ அல்லது பி ஆன்டிஜன் (சிவப்பணுவின் மேலுள்ள அடையாளம்) இருக்கிறது என்று பொருள். ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. இரண்டிலும் திரிந்தால் ஏபி. ஒரே குச்சியால் இரண்டையும் கலக்கினால் முடிவு கெட்டுவிடும்.

தேர்வில்

பல விடைக் கேள்விகளில் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்து உங்கள் விடையைச் சொல்லிக்கொள்ளுங்கள், பிறகு தேடுங்கள். 'எது சரியன்று' என்று கேட்டால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் சரி, தவறு என்று குறியுங்கள்.

ஆய்வகத் தேர்வில் ஒவ்வொரு மேசையிலும் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். ஊசி எதைக் குத்தி நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன், கேள்வி பெயரைக் கேட்கிறதா, வேலையைக் கேட்கிறதா, அதன் வழியே அடுத்து எங்கே போகும் என்று கேட்கிறதா என்று படியுங்கள். இடது, வலது எழுதாமல் வெறும் 'வென்ட்ரிக்கிள்' என்று விட்டால் பெரும்பாலும் பாதி மதிப்பெண்தான். தெரியாத மேசையில் தலையை உடைத்துக்கொள்ளாமல் எண்ணை மட்டும் குறித்துவிட்டு நகருங்கள். கடைசியில் திரும்பி வந்து பார்க்க அனுமதி உண்டா என்பதைத் தேர்வு தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.